செட் என்ற ஒரு சொல்: கேள்வி பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஆட்கள் ‘செட்’ (set) என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்டவையும், ஆங்கிலம் சொல்லித்தரும் நான் தந்த பதில்களும்.

மாஷே, ‘செட்’டுக்கு நானூறுக்கு மேல் அர்த்தமாமே! எப்படி மனப்பாடம் செய்வது? (கல்லூரி மாணவி)

1989-இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பில், வினையாக மட்டும் 430 அர்த்தம். மனப்பாடமே வேண்டாம் அம்மிணி. ‘சிட்’ என்றால் உட்காருவது. உட்கார வைப்பது ‘செட்’. நமக்கு ஓடு, ஓட்டு. உருள், உருட்டு இருக்கிறதே, அந்த உறவுதான். அலாரம் வைப்பது, பொறி வைப்பது, மேசையில் தட்டு வைப்பது எல்லாம் இதில் அடங்கும். கோழியை அடை வைப்பதும் செட், பொழுது அடைவதும் செட். நாமும் இரண்டுக்கும் ‘அடை’ என்கிறோம் பாருங்கள், இதைச் சொல்லித்தரும்போதெல்லாம் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஐயா, எங்கள் வரப்பு வழக்கில் கீழ்க்கோர்ட் தீர்ப்பை மேல்கோர்ட் ‘செட் அசைட்’ செய்துவிட்டதாம். ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், பிறகு எடுப்பார்களா? (விவசாயி)

இல்லை அண்ணா, இதைக் கவனமாகக் கேளுங்கள். பணத்தையோ விதைநெல்லையோ செட் அசைட் செய்தால் தனியாக எடுத்து வைப்பது. தீர்ப்பைச் செய்தால் ரத்து. அந்தத் தீர்ப்பு இனிச் செல்லாது. அப்போதைக்கு நிறுத்தி வைப்பதற்கு ‘ஸ்டே’ என்பார்கள். ஆனால் ரத்து ஆனதாலேயே வழக்கு முடிந்ததென்று எண்ண வேண்டாம். பக்கத்திலேயே ‘ரிமாண்ட்’ என்று இருந்தால், மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ்க்கோர்ட்டுக்கே அனுப்பியிருக்கிறார்கள். நகலை வாங்கி, கடைசிப் பாராவை வக்கீலிடம் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். மேல்முறையீட்டுக்குக் காலக்கெடு உண்டு. யாரோ பிறகு எடுப்பார்கள் என்று காத்திருந்தால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

மே மாதமே நனைந்துவிட்டோம். பேப்பரில் மட்டும் ஏன் ஜூனில் ‘மான்சூன் செட்ஸ் இன்’ என்கிறார்கள்?

‘செட் இன்’ என்றால் வந்து நிலைகொள்வது. ஒரு மழை போதாது. மே 10-க்குப் பிறகு, மழை அளக்கும் குறிப்பிட்ட 14 நிலையங்களில் 60 சதவீதத்தில் தொடர்ந்து இரண்டு நாள் 2.5 மில்லிமீட்டராவது பெய்ய வேண்டும். காற்றும் மேகமும் ஒத்துவர வேண்டும். அப்புறம்தான் வானிலைத் துறை அறிவிக்கும்.

சிமெண்ட் ‘செட் ஆகட்டும்’ என்கிறோமே, அதுவும் இதுதானா? (கொத்தனார்)

ஆமாம், இறுகுவது. சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது, 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும் என்பது இந்தியத் தர விதி. செட் ஆனதும் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடாதீர்கள், பலம் ஏறுவது அதற்கப்புறம்தான். தயிர் உறைவதும் செட்தான்.

அப்போ செட்டு முண்டு?

அது வேறு வேர். பின்பற்றிச் சேரும் கூட்டத்தைக் குறித்த ‘செக்டா’ என்ற லத்தீன் சொல், பிரெஞ்சு வழியாக வந்தது. பெண்கள் இடுப்பில் கட்டும் முண்டும் மேலே போடும் நேரியதும் சேர்ந்து ஒரு செட்டு. பம்பு செட்டும் கணக்குப் பாடத்துக் ‘கண’மும் இந்த வகை. கேரளத்தில் ஆசிரியர்கள் எழுதும் ‘செட்’ தேர்வு வெறும் எழுத்துச் சுருக்கம்.

‘செட்டட்’ என்று எழுதியதற்கு மார்க் போய்விட்டது சார்.

போகத்தான் செய்யும் தம்பி. ‘புட்’, ‘கட்’ போல முக்காலத்துக்கும் ஒரே வடிவம். ‘ஹி செட்ஸ்’ என்றால் வழக்கமாகச் செய்கிறான். ‘ஹி செட்’ என்றால் செய்துவிட்டான். ‘தே செட்’ என்று வந்தால், பக்கத்தில் நேற்றா தினமுமா என்று பார்த்துத்தான் காலம் சொல்ல முடியும்.