தம்பியின் படிப்பை நிறுத்தினால் குடும்பத்தின் துண்டு விழுவது நிற்குமா?

கேள்வி: எங்கள் வீடு தண்டையார்பேட்டையில். நான் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன், சம்பளம் 14,000. அப்பா கன்டெய்னர் டிரெய்லர் டிரைவர், 20,000 வாங்கிக்கொண்டிருந்தார். நாலு மாதம் முன்பு லோடு பூட்டும்போது வழுக்கி விழுந்து இடுப்பில் அடி. ஸ்டான்லியில் வைத்தியம் பார்க்கிறோம். கம்பெனி முதல் மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தது, அதோடு சரி. அம்மா பிளவுஸ் தைத்து 3,000 சம்பாதிக்கிறார், உரிமைத் தொகை 1,000 வருகிறது. வாடகை 7,000, மளிகை, காய், பால் 8,000, கரண்ட், கேஸ், போன் 1,500, மருந்து 2,000, தம்பிக்கு 1,000. அப்பா விழுந்த பிறகு 10,000 ரூபாய் தண்டல் கடன் இரண்டு வாங்கினோம், தினம் 200 கட்டுகிறோம். தம்பி அரசுக் கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருடம், இரண்டு அரியர் இருக்கிறது. "டிகிரி முடிச்சவனே டெலிவரிதான் பண்றான், நான் இப்பவே போறேன்" என்கிறான். தவணையில் பைக் எடுத்தால் மாதம் 18,000 வரும் என்று நண்பன் சொல்லியிருக்கிறானாம். அவனை அனுப்பட்டுமா?

பதில்: சகோதரி, செலவை எல்லாம் பிரித்து எழுதியிருக்கிறீர்கள். அதனால் நேராகக் கணக்குக்கே வருகிறேன். வரவு 18,000. செலவு, தண்டலையும் சேர்த்து, 25,500. மாதம் 7,500 துண்டு விழுகிறது. தம்பி டெலிவரிக்குப் போனால், 18,000 முழுதாக வந்தாலும் பெட்ரோலுக்கு 4,000, பைக் தவணைக்கு 3,500 என்று வைத்தால் கையில் 10,500 நிற்கும். துண்டு விழுவது நிற்கும், அதை மறுக்க மாட்டேன். அவன் வீட்டை நினைத்துத்தான் இப்படிக் கேட்கிறான், அவனைத் திட்டாதீர்கள்.

ஆனால் அந்த 7,500-ல் 6,000 தண்டலுக்குப் போகிறது. உங்கள் வீட்டின் உண்மையான பற்றாக்குறை 1,500 ரூபாய்தான். அதற்காக மூன்று வருடப் படிப்பில் பாதிக்கு வந்தவனை வெளியே இழுக்க வேண்டியதில்லை.

தண்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் வட சென்னையிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் இதுதான் அடியில் இருக்கிறது. 10,000 என்று பேசி, முன்னாலேயே 1,500 பிடித்துக்கொண்டு 8,500 கொடுப்பார்கள். நாளுக்கு 100 வீதம் 100 நாள். 1,500 வட்டி என்றால் சின்னதாகத் தெரியும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறதே, சராசரியாக உங்கள் கையில் இருப்பது பாதிப் பணம்தான். அதையும் மூன்று மாதச் சொச்சத்துக்குத்தான் வைத்திருக்கிறீர்கள். வருடக் கணக்குக்கு மாற்றினால் வட்டி 100 சதவீதத்தைத் தாண்டிவிடும். அதைவிட மோசம், அது முடிகிற நேரத்தில் "அக்கா, புதுசு போட்டுக்கங்க" என்று பழையதைக் கழித்துக்கொண்டு புதுக்கடன் கொடுப்பது. அப்பா விழுந்ததுமே வாங்கியிருந்தால், 100 நாள் தாண்டிவிட்டது, இன்னும் இரண்டும் ஓடுகிறது என்றால் ஒரு தடவையாவது புதுப்பித்திருக்கிறீர்கள். இனி புதுப்பிக்காதீர்கள். இதை மட்டும் செய்தாலே, மீதித் தவணை முடிந்ததும் மாதம் 6,000 வீட்டிலேயே நிற்கும்.

அதுவரை சமாளிக்க முடியவில்லை என்றால், அம்மாவிடம் ஒரு சவரன் நகை இருந்தால்கூட வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ அடகு வையுங்கள். தெரு முனை அடகுக் கடை வேண்டாம். எத்தனை தவணை பாக்கி என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டிலும் சேர்த்து 14,000 பாக்கி என்று வைத்துக்கொள்வோம். நகைக்கடன் வாங்கி அதை அடைத்துவிட்டு, வங்கிக்கு ஒரு வருடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டினால் வட்டியோடு மாதம் 1,300 போல வரும். தண்டல்காரர் முன்கூட்டிக் கட்டியதற்கு வட்டி குறைப்பது அபூர்வம், கேட்டுப் பாருங்கள். குறைக்காவிட்டாலும் மாதம் 6,000 கட்டிய இடத்தில் 1,300 கட்டுவது வீட்டுக்கு மூச்சு விட இடம் தரும். நகையைப் பிரிய அம்மாவுக்கு மனசு வராது, தெரியும். அது ஒரு வருடத்தில் திரும்பி வரக்கூடியது என்று எடுத்துச் சொல்லுங்கள்.

முன்பு சொன்ன 1,500-ஓடு இந்த 1,300-ஐயும் சேர்த்தால், இப்போது பற்றாக்குறை 2,800.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நான் தேடிப் பார்த்து, இல்லாமல் போன ஒரு சொல் ஈ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு. அப்பா வாங்கிய சம்பளம் 20,000. ஈ.எஸ்.ஐ. வரம்பு 21,000. அவருடைய பழைய சம்பளச் சீட்டை எடுத்து 0.75 சதவீதம், அதாவது 150 ரூபாய் போல, பிடித்திருக்கிறார்களா என்று இன்றைக்கே பாருங்கள். பிடித்திருந்தால், வேலையில் அடிபட்டு எழுந்து வேலைக்குப் போக முடியாத காலம் முழுவதும் ஏறக்குறைய 90 சதவீதச் சம்பளம் அவருக்கு உரிமை. உங்கள் கணக்கில் அது மாதம் 18,000 வரும். தம்பி வெயிலில் வண்டி ஓட்டிக் கொண்டுவருவதாகச் சொல்கிற அதே தொகை! ஸ்டான்லி சீட்டு, எக்ஸ்ரே, மருந்து பில், அன்றைக்கு எந்த யார்டில் லோடு ஏற்றினார் என்ற விவரம், கூட இருந்தவர் பெயர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு ஈ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குப் போங்கள். விபத்து அறிக்கையைக் கம்பெனி கொடுக்க வேண்டும். கொடுக்க மறுத்தால் அதையும் எழுத்தில் புகாராகக் கொடுங்கள். ஏற்கெனவே நாலு மாதம் போய்விட்டது, இன்னும் தள்ளாதீர்கள். ஈ.எஸ்.ஐ. இல்லவே இல்லை என்றாலும், வேலை நேரத்தில் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு சட்டப்படி முதலாளிக்கு உண்டு. தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம். கம்பெனியை எதிர்த்தால் அப்பாவைத் திரும்ப எடுக்க மாட்டார்களோ என்று நீங்கள் பயப்படலாம். நியாயமான பயம்தான். ஆனால் ஈ.எஸ்.ஐ. பணம் முதலாளியின் பையிலிருந்து வருவதில்லை, அவர் ஏற்கெனவே கட்டிய காப்பீட்டிலிருந்து வருகிறது. இதை அவரிடமே பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள்.

தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 அவன் கணக்குக்கு வர வேண்டும். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்திருந்தாலும் வரும். வரவில்லை என்றால் வங்கிக் கணக்கில் ஆதார் இணைப்பு விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள், அப்புறம் கல்லூரியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரைப் பார்க்கட்டும். பெற்றோர் வருமானம் வருடம் 2.5 லட்சத்துக்குள் இருந்தால் பி.சி., எம்.பி.சி., எஸ்.சி., எஸ்.டி. உதவித்தொகையும் கேட்கலாம். அப்பாவின் வருமானம் நின்றுபோனதால் இ-சேவை மையத்தில் புதிய வருமானச் சான்றிதழ் எடுங்கள். தமிழ்ப் புதல்வன் 1,000 வந்தால், மீதி 1,800-ஐ தம்பியே கொண்டுவரட்டும். கல்லூரி ஒரு ஷிஃப்ட்தான், பாதி நாள் கையில் இருக்கிறது. தெருவிலேயே ஐந்து பிள்ளைகளுக்கு, ஆளுக்கு 400 வாங்கி டியூஷன் எடுத்தால் 2,000. வீட்டுக்கு உதவ வேண்டும் என்ற அவன் ஆசைக்கும் அதில் இடம் இருக்கிறது.

"டிகிரி முடிச்சவனே டெலிவரிதான் பண்றான்" என்பது உண்மைதான். டிகிரியை மட்டும் வைத்துக்கொண்டு நின்றால் அப்படித்தான் ஆகும். அதனால்தான் மீதி இருக்கும் ஒன்றரை வருடத்தில் என்ன செய்கிறான் என்பது முக்கியம். அவனிடம் துறைமுகத்தைக் காட்டுங்கள். அப்பா இத்தனை வருடம் இழுத்த ஒவ்வொரு கன்டெய்னருக்கும் பின்னால் ஒரு கட்டு காகிதம் இருக்கிறது. ஷிப்பிங் பில், பில் ஆஃப் என்ட்ரி, இன்வாய்ஸ், ஜி.எஸ்.டி. அதைப் பார்க்கும் சுங்கத் தரகர் அலுவலகங்களும் சரக்கு ஏற்றுமதி அலுவலகங்களும் பாரிமுனைப் பக்கம் தம்பு செட்டித் தெரு, லிங்கிச் செட்டித் தெரு எங்கும் இருக்கின்றன. பி.காம். படிக்கும் பையன், கணக்கு எழுதும் டாலி மென்பொருள் தெரியும், ஆங்கிலத்தில் ஒழுங்காக மெயில் எழுதுவான் என்றால் அங்கே நுழைய வழி உண்டு. அப்பாவுக்குத் தெரிந்த யார்டு சூப்பர்வைசரையோ கிளியரிங் ஆளையோ கேட்டால் லீவில் ஒரு மாதம் கூடமாட வேலை பார்க்க இடம் கிடைக்கலாம். அந்த மாதத்துக்குச் சம்பளம் இல்லாவிட்டாலும் போகட்டும்.

இதே துறையில் டிகிரி எங்கே வேலை செய்கிறது என்றும் சொல்கிறேன். பிளஸ் டூ படித்தவர் சுங்கத் தரகர் அலுவலகத்தில் ஊழியராகலாம். ஆனால் 2018-ம் ஆண்டு விதிமுறைப்படி தனியாக உரிமம் கேட்டு விண்ணப்பிக்கப் பட்டதாரியாக இருக்க வேண்டும். அதேபோல டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பு போதும், குரூப் 2-க்கு டிகிரி வேண்டும். வங்கி கிளார்க் தேர்வுக்கும் டிகிரி வேண்டும். முதலில் அந்த இரண்டு அரியரை எழுதி முடிக்கட்டும், மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் கணக்கு சம்பந்தமான பயிற்சி இருந்தால் அதை எடுக்கட்டும். காசு கொடுத்துச் சேரும் கோர்ஸ் எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

பைக் தவணை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மூன்று வருடத் தவணை போட்டால், "ஆறு மாதம் ஓட்டிவிட்டுத் திரும்பப் படிக்கிறேன்" என்பவனை அந்தத் தவணை விடாது. அவன் பட்டம் வாங்கியிருக்க வேண்டிய நாளைத் தாண்டியும் அது ஓடிக்கொண்டிருக்கும்.

ஈ.எஸ்.ஐ.யும் கிடைக்கவில்லை, அப்பாவால் இனி வண்டியே ஓட்ட முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது தம்பி முழுநேர வேலைக்குப் போகத்தான் வேண்டியிருக்கும். அப்படிப் போனாலும் டி.சி. வாங்க வேண்டாம். துறைத் தலைவரைப் பார்த்து நிலைமையைச் சொல்லி, இடைநிறுத்தி மீண்டும் சேர என்ன வழி என்று எழுத்தில் கேட்கட்டும். அதுவும் முடியாவிட்டால் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்வியையோ தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தையோ பாருங்கள். இந்த முடிவை அப்பாவின் அடுத்த ஸ்டான்லி பரிசோதனையும் ஈ.எஸ்.ஐ. பதிலும் வந்த பிறகு எடுங்கள். அதுவரை அவன் காலையில் வகுப்புக்குப் போகட்டும், 75 சதவீத வருகை குறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ளட்டும்.