பழைய ஃபிலிம் பெட்டியில் உள்ள மொழி புரியவில்லை. எந்த நாட்டுத் தயாரிப்பு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பழைய கேமராப் பையில் கிடைத்த பெட்டியில் "சி, பி, இ, எம், ஏ" என்று ஐந்து எழுத்துகள், கீழே 65 என்ற எண், "சிபெமா" என்று தேடினால் எதுவும் வரவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். வராதுதான். அவை ஆங்கில எழுத்துகளே இல்லை.

அது சிரிலிக். ரஷ்ய மொழியின் எழுத்து. அதில் சில எழுத்துகள் ஆங்கிலத்தின் சாயலில் இருந்துகொண்டு வேறு ஒலி தரும். சி போல இருப்பது 'ஸ', பி (B) போல இருப்பது 'வ'. இப்போது வாசித்துப் பாருங்கள்: ஸ்வேமா. பழைய சோவியத் விளையாட்டு வீரர்களின் சட்டையில் "சிசிசிபி" (CCCP) என்று நாம் வாசித்ததும் இதே கதைதான். அது உண்மையில் எஸ் எஸ் எஸ் ஆர்.

ஸ்வேமா என்பது ஒளியுணர் பொருட்கள் என்ற பொருளில் வரும் ரஷ்யச் சொற்களின் சுருக்கம். ஆலை இருந்த ஊர் ஷோஸ்த்கா. அது இன்று உக்ரைனில் இருக்கிறது. ஆக, பெட்டியில் இருப்பது ரஷ்ய மொழி, நாடு சோவியத் ஒன்றியம், ஊர் உக்ரைனில். இதைப் போலவே இன்னொரு சோவியத் பெயர் தாஸ்மா. அது கசான் நகரத்து ஆலை, இன்றும் ரஷ்யாவில்தான். மொழியை மட்டும் வைத்து நாட்டை முடிவு செய்தால் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது.

அதனால் நான் எப்போதும் மொழிக்கு முன்னால் எண்ணைத்தான் பார்ப்பேன். உங்கள் 65 என்பது கோஸ்ட் என்ற சோவியத் அளவில் ஃபிலிமின் வேகம், அதாவது அது வெளிச்சத்தை எவ்வளவு விரைவாக உணரும் என்பது. இன்று உலகெங்கும் வழங்கும் ஐஎஸ்ஓ அளவில் ஏறத்தாழ 80. பழைய வரிசை 32, 65, 130, 250 என்று போகும். 1987-இல் அந்த அளவை ஐஎஸ்ஓவோடு ஒன்றாக்கியபோது இந்த எண்கள் மாறின. எனவே உங்கள் பெட்டி பழைய அளவுக் காலத்தது.

கிழக்கு ஜெர்மனியின் வோல்ஃபன் நகரில் தயாரான ஓர்வோ பெட்டிகளில் வேறொரு பொறி உண்டு. என்பி 20 என்றால் வேகம் 20 என்று நினைத்துவிடுவோம். அது டின் என்ற ஜெர்மன் அளவு, ஐஎஸ்ஓவில் 80. டின்னில் மூன்று கூடினால் வேகம் இரட்டிப்பு: 18 என்றால் 50, 21 என்றால் 100, 24 என்றால் 200. குரோவேஷியாவின் எஃப்கே ஃபிலிம்கள் கேபி 14, கேபி 17 என்றெல்லாம் வந்ததும் இதே கணக்கில்தான்.

கிழக்காசியப் பெட்டி என்றால் எளிது. அடர்த்தியான சித்திர எழுத்துகளுக்கு நடுவே இரண்டு மூன்று கோடுகளில் முடியும் எளிய எழுத்துகள் கலந்திருந்தால் ஜப்பான். முழுக்க அடர்த்தியாகவே இருந்தால் பெரும்பாலும் சீனம். எழுத்துகளுக்குள் சின்னச் சின்ன வட்டங்கள் தெரிந்தால் கொரிய மொழி. ஆனால் ஏற்றுமதிப் பெட்டியில் வாங்குபவரின் மொழிதான் இருக்கும், அதையும் மறக்க வேண்டாம். பார்கோடும் அப்படித்தான்: 49-இல் தொடங்கினால் எண்ணைப் பதிவு செய்த நிறுவனம் ஜப்பானில் என்று தெரியும், ஃபிலிம் எங்கே தயாரானது என்று தெரியாது. கேசட்டின், அதாவது ஃபிலிம் சுருள் இருக்கும் சின்ன உருளையின், மேல் வெள்ளியும் கறுப்புமாகக் கட்டங்கள் இருந்தால் அது ஃபிலிமின் வேகத்தைக் கேமராவுக்குச் சொல்லும் டிஎக்ஸ் குறியீடு. 1983-க்கு முந்தையதாக இருக்க முடியாது.

சரி, இதையெல்லாம் விட அவசரமான ஒன்று. பெட்டியைத் திறந்துவிட்டீர்களா? சோவியத் 35 மிமீ ஃபிலிம் பல நேரம் கேசட் இல்லாமலே விற்கப்பட்டது. 1.65 மீட்டர் ஃபிலிமைச் சுருட்டிக் கறுப்புத் தாளில் பொதிந்திருப்பார்கள். வாங்கியவர் இருட்டில் தன் கேசட்டில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் என் முதல் ஸ்வேமாவை ஜன்னலோரம் உட்கார்ந்து, உள்ளே கேசட் இருக்கும் என்று நம்பி, தாளைப் பொறுமையாகப் பிரித்தேன். வெளிச்சத்தில் பளபளவென்று சுருள் விரிந்தபோதுதான் புத்தி வந்தது.

உங்கள் பெட்டி பிரிக்காமல் இருந்தால் அப்படியே வையுங்கள். மடிப்பில் மாதமும் ஆண்டும் முத்திரையாக இருக்கும். அதைப் படம் எடுத்துப் போட்டால் மேற்கொண்டு சொல்கிறேன்.