உண்ணி முதல் அரிசி வண்டு வரை: கேள்வி பதில்

வேலூர், அணைக்கட்டுச் சுற்றுவட்டாரத்தில் கால்நடை ஆய்வாளராகப் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால், மருந்தடிக்காமல் பூச்சிகளை ஒழிப்பது பற்றிப் பலரும் என்னிடம் கேட்கிறார்கள். கேட்டவர்களின் ஊரை மட்டும் குறித்திருக்கிறேன்.

காட்பாடி: ஐயா, எங்கள் நாய்க்கு வாரந்தோறும் வேப்பிலை அரைத்துப் பூசிக் குளிப்பாட்டுகிறோம், தினமும் உண்ணி பிடுங்குகிறோம். ஆனாலும் குறையவில்லையே?

நாயைப் பார்த்தீர்கள், அது படுக்கும் இடத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டீர்கள். நாய் உண்ணி தன் வாழ்நாளில் மூன்று பருவங்களில் இரத்தம் குடிக்கிறது. ஒவ்வொரு முறையும் வயிறு நிறைந்ததும் கீழே இறங்கி, சுவரேறி, ஏதாவது விரிசலில் ஒளிந்துகொள்கிறது. கடைசியில் ஆமணக்குக் கொட்டை போல உப்பிய பெண் உண்ணி அப்படியொரு இடுக்கில் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுச் சாகிறது. என் வீட்டிலேயே ஒரு கோடையில், கதவு நிலைக்கும் சுவருக்கும் இடையிலிருந்த பிளவில் துடைப்பக்குச்சியை விட்டு இழுத்தபோது, கசகசாவைக் கொட்டியது போல் குஞ்சு உண்ணிகள் உதிர்ந்தன.

ஆகவே பிளவுகளைச் சிமெண்ட் வைத்து அடையுங்கள். நாய் படுக்கும் சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் முக்கி வெயிலில் போடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, நன்றாகக் குலுக்கிச் சுவரோரங்களில் தெளியுங்கள். இரை கிடைக்காமலேயே உண்ணி மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், இரண்டு மூன்று மாதமாவது இதை விடாமல் செய்யவேண்டும். உண்ணியைத் தோலையொட்டி இடுக்கியால் பிடித்து நேராக இழுத்துச் சோப்பு நீரில் போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள். மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். இளவயதில் ஒரு நாயின் காதில் அதை ஊற்றிவிட்டு, தோல் வெந்து உரிந்ததைப் பார்த்தவன் நான். நாய் உணவை ஒதுக்கி, காய்ச்சலுடன் ஈறு வெளுத்துக் காணப்பட்டாலோ, மூக்கில் இரத்தம் கசிந்தாலோ, அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். அப்போது கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

சத்துவாச்சாரி: பூனைக்குட்டி உடம்பெல்லாம் தெள்ளுப்பூச்சி. தேங்காயெண்ணெயில் கற்பூரம் கரைத்துத் தடவலாமா?

கூடாது, அம்மா. பூனை தன் உடலை நக்கியே சுத்தம் செய்துகொள்ளும் பிராணி. மேலே தடவியதெல்லாம் வயிற்றுக்குள் போகும். கற்பூரம் வலிப்பைக் கூட வரவழைக்கும். இலையிலிருந்து எடுத்த எண்ணெய்தானே என்று தேயிலை மர எண்ணெயையும் யூக்கலிப்டஸ் தைலத்தையும் பூசுகிறார்கள். அவற்றை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஏற்கெனவே தடவியிருந்தால் மென்மையான சோப்பால் கழுவி, உடனே துவட்டிவிட்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

நம் வீட்டுப் பேன் சீப்பே போதும். கழுத்திலும் வாலடியிலும் வாரி, ஒவ்வொரு இழுப்புக்கும் சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். வெறும் தண்ணீரில் மிதந்து தாவி ஓடிவிடும் தெள்ளு, சோப்பு நீரில் அமிழ்ந்துவிடும். முட்டைகள் பூனையின் மேல் தங்காமல் தரையில் உதிர்வதால், பாயையும் மெத்தையுறையையும் வெந்நீரில் துவைத்து, மூலைமுடுக்குகளைத் தினமும் பெருக்குவது சீப்பைவிட முக்கியம்.

ஆற்காடு: சோற்றில் பூண்டு கலந்து கொடுத்தால் நாயை உண்ணி அண்டாதாமே?

அது தவறான நம்பிக்கை. பூண்டும் வெங்காயமும் நாய், பூனைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை.

அணைக்கட்டு: கறவை மாட்டின் மடியிலும் காதிலும் உண்ணி. பால் கறப்பதால் மருந்தடிக்கத் தயக்கமாக இருக்கிறது.

தயக்கம் நியாயமானது. பத்துப் பல் பூண்டு, வேப்பிலை, துளசி, உண்ணிச்செடி இலை ஆகியவற்றில் ஒவ்வொரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம் எடுத்து அரைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டித் தெளிக்கலாம். வெயில் ஏறுமுன் தெளியுங்கள்; மடியைக் கழுவிய பிறகே கறக்கவேண்டும். தொழுவத்துச் சுவரிடுக்குகளையும் விட்டுவிடாதீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: மலையடிவாரமெங்கும் புதராக மண்டிக்கிடக்கும் அதே உண்ணிச்செடியை மாடு தின்றுவிட்டால் கல்லீரல் கெட்டு, வெயில் பட்ட தோல் வெடித்துப்போகும். அரைத்த சக்கையைத் தொட்டியருகே கொட்டாமல் புதைத்துவிடுங்கள். பூண்டு சேர்வதால் இந்தக் கரைசலை நாய், பூனைக்குத் தெளிக்கவேண்டாம்.

சைதாப்பேட்டை, வேலூர்: குழாய்த் தண்ணீர் தினமும் வராததால் டிரம்மில் பிடித்து வைக்கிறோம்; கொசுப்புழு நெளிகிறது.

டெங்குவைப் பரப்பும் கொசு நம் வீட்டு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். வாரம் ஒருமுறை டிரம்மைக் காலிசெய்தால் மட்டும் போதாது, உட்சுவரை நாரால் தேய்க்கவும் வேண்டும். ஏனெனில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், தண்ணீர் பட்டதும் பொரிக்கும். வாயை வேட்டித் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். குடிக்கப் பயன்படுத்தாத தொட்டியென்றால் நான்கு கப்பி மீன் விடலாம்.

ஆரணி: அரிசி மூட்டையில் வேப்பிலை போட்டும் வண்டு வருகிறது.

இந்த வண்டு அரிசியைத் துளைத்து, உள்ளே முட்டையிட்டு, துளையையும் மூடிவிடுகிறது. வேப்பிலையும் வசம்பும் வெளியிலிருந்து வருவதைத்தான் ஓரளவு தடுக்கும். அரிசியை நிழலில் பரப்பிப் புடையுங்கள். கத்திரி வெயிலில் போட்டால் அரிசி நொறுங்கிக் குருணையாகிவிடும். அடுத்த முறை மாதத் தேவைக்கு மட்டும் வாங்கி, ஈரமில்லாத இறுக்கமான டப்பாவில் வையுங்கள். பழைய அரிசியின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள்.