பார்னி வீட்டுப் பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் எட்டு வயது மகன் தினமும் ‘ஃபிளின்ட்ஸ்டோன்ஸ்’ என்கிற கற்காலக் கார்ட்டூன் பார்க்கிறான். மனிதனும் டைனோசரும் ஒன்றாக வாழ்ந்ததாகவே நம்பிவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கதையும் பெரிதாக ஒன்றுமில்லை. ஃபிரெட் கத்துகிறான், அவன் மனைவி வில்மா சமாளிக்கிறாள். பக்கத்து வீட்டு பார்னியும் பெட்டியும் வெறும் உப்புக்குச் சப்பாணி. பார்க்கவிடாமல் நிறுத்திவிடலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டைனோசர்கள் அழிந்து 6.6 கோடி வருடம் ஆகிறது. மனிதன் வந்து சுமார் 3 லட்சம் வருடம். சொல்ல ஒரு நிமிடம் போதும், சொல்லிவிடுங்கள். பறவையின் அலகால் இசைத்தட்டு பாடுகிற, காரைக் காலால் ஓடித் தள்ளுகிற ஊரைப் பார்த்து வரலாறு படிக்கும் அளவுக்கு உங்கள் மகன் அசடாக இருக்கமாட்டான். அது கற்காலமே இல்லை. 1960-களின் அமெரிக்கப் புறநகர், மேலே மிருகத்தோல். கவலைப்பட்டே ஆகவேண்டும் என்றால், ஆரம்பத்தில் இதே ஃபிரெடும் பார்னியும் விளம்பரத்தில் வின்ஸ்டன் சிகரெட் பிடித்ததற்குக் கவலைப்படுங்கள். சரி, அதுவும் பழைய கதை.

‘உப்புக்குச் சப்பாணி’ என்றீர்களே, அதற்குத்தான் இந்தப் பதில். நீங்கள் அதைப் பார்க்கவே இல்லை. மகன் பார்க்கும்போது குறுக்கே நடந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

1963 பிப்ரவரியில் ஃபிரெட் வீட்டில் பெபிள்ஸ் பிறந்தாள். முதலில் ஆண் குழந்தை என்றுதான் யோசித்திருந்தார்கள். பெண் பொம்மைதான் விற்கும் என்று பொம்மைக் கம்பெனிக்காரர்கள் சொன்னதும் பெண்ணாகிவிட்டது. ஒரு வீட்டுக் குழந்தை வியாபாரக் கணக்கில் வந்தது. அடுத்த வீட்டில் அதுவும் இல்லை. பார்னியும் பெட்டியும் நாள் முழுக்க பெபிள்ஸையே சுற்றி வருகிறார்கள். ஃபிரெடுக்கு எரிச்சல் வந்து கத்திவிடுகிறான். இருவரும் வீட்டுக்குப் போய் நட்சத்திரத்தைப் பார்த்து வேண்டிக்கொள்கிறார்கள். அந்த வருட அக்டோபரில் வந்த பகுதி இது. பிள்ளையில்லாத ஜோடியின் தவிப்பைக் கேலி செய்யாமல் ஒரு பொம்மைப்படம் காட்டியது. நம் சினிமா அதே ஜோடியை என்ன பாடு படுத்தியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

என் அத்தைக்குப் பிள்ளை இல்லை. விசேஷ வீடுகளில் பின்வரிசையில்தான் உட்காருவாள். யாரும் சொல்லி அல்ல, பழக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் லீவுக்கு அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது கேபிளில் இந்தப் பகுதி வந்தது. பாஷை புரியாமலே பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள். பார்னி கதவைத் திறந்தான். வாசலில் ஒரு குழந்தை.

“யாரு பெத்த பிள்ளை?”

“தெரியாது அத்தை. இனிமே இவங்க பிள்ளை.”

அத்தை நாரைக் கீழே வைத்தாள். குழந்தை கையிலிருந்த தடியால் தரையை இடித்து “பாம் பாம்” என்றது.

“என்ன சொல்றான்?”

“அவன் பேரைச் சொல்றான்.”

“அம்மான்னு சொல்லலையா?”

“அவனுக்கு அது ஒண்ணுதான் வரும்.”

“வந்துரும்,” என்றாள். “நாளாகும்.”

மறுநாள் அதே நேரத்துக்குக் கொல்லையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தாள். அன்று போட்டது ஏதோ முந்தைய பகுதி. பார்னியும் பெட்டியும் மட்டும் இருந்தார்கள்.

“பிள்ளை எங்கடா?” என்று என்னைத்தான் கேட்டாள்.