அந்தோணிக்கு 'எச்' வேண்டுமா?

தூத்துக்குடியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மகனுக்குத் தாத்தாவின் பெயரான அந்தோணியை வைக்கப்போகிறோம். இணையத்தில் 'மலர்' என்றும் 'விலைமதிப்பற்றவன்' என்றும் போட்டிருக்கிறது. எது சரி? ஆங்கிலத்தில் 'எச்' சேர்த்தால் ராசி என்று ஒருவர் 5,000 ரூபாய் கேட்கிறார். சேர்க்கலாமா?"

இரண்டு பொருளுமே தவறு. அந்தோனியஸ் என்பது ஜூலியஸ், கிளாடியஸ் போல ரோமில் ஒரு குலப்பெயர். ரோமுக்கு வடக்கே பேசப்பட்ட எத்ருஸ்க மொழியிலிருந்து வந்திருக்கலாம் என்பதோடு அறிஞர்கள் நிறுத்திக்கொள்கிறார்கள். குலப்பெயர் என்றால், அந்தக் குலத்துப் பெண்களுக்கும் அதன் பெண்பால் வடிவமே பெயர். அந்தோனியஸ் குலத்து ரோமத் தளபதி மார்க் ஆண்டனிக்கும் அவர் மனைவி ஒக்டேவியாவுக்கும் பிறந்த இரண்டு பெண்களுக்கும் பெயர் அந்தோனியாதான். மூத்தவள், இளையவள் என்றுதான் பிரித்துச் சொன்னார்கள். அன்டோனியோ, அந்துவான், அன்டன் எல்லாம் அதே வேரில் கிளைத்தவை.

சரி, 'மலர்' எப்படி வந்தது? கிரேக்கத்தில் 'அந்தோஸ்' என்றால் பூ. ஒலி ஒத்துப்போனதால் அதுதான் மூலம் என்று நம்பி, பிற்காலத்தில் ஆங்கிலேயர்கள் 'டி'க்குப் பின்னால் 'எச்' போட்டார்கள். லத்தீன் மூலமான அந்தோனியஸில் அந்த 'எச்' இல்லை. நம் 'அந்தோணி'யில் உள்ள 'த'வும் அதனால் வந்ததல்ல. 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு வந்த போர்த்துக்கீசியர்கள் 'டி'யை நாக்கு பல்லில் பட, 'த' என்றே ஒலிப்பவர்கள். நாம் கும்பிடும் பதுவை அந்தோணியாரும் லிஸ்பனில் பிறந்தவர்தான். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் பெர்னாண்டோ. 1220-ல் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தபோதுதான் அந்தோணி ஆனார்.

ஆகவே 'எச்' இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெயர் ஒன்றே. பணம் மட்டும் கொடுக்காதீர்கள். எண்கணிதக்காரர் ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டுப் போய்விடுவார், அலைவது பிள்ளை. மாற்றுச் சான்றிதழில் 'எச்' இருந்து ஆதாரில் இல்லாமல் போன ஒரு பையன் எட்டு மாதம் அலைந்ததைப் பார்த்திருக்கிறேன். எந்த ஜன்னலில் கேட்டாலும் அடுத்த ஜன்னலைக் காட்டினார்கள். ஓர் எழுத்தைத் திருத்த இத்தனை காகிதம் கேட்பது அநியாயம்.

ஒன்றில் மட்டும் கவனம். தாத்தாவின் ஆவணங்களில் 'எச்' இருந்தாலும் பேரனுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் என்று வரும் உங்கள் பெயர், உங்கள் ஆதாரில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். அங்கே அழகு பார்த்து மாற்றிவிடாதீர்கள்.

அப்புறம், பிறப்பைப் பதிந்த 12 மாதத்துக்குள் குழந்தையின் பெயரைச் சேர்க்கக் கட்டணமே இல்லை. வாசலில் நிற்கும் தரகரிடம் போகாமல் நீங்களே எழுதிக் கொடுங்கள். சான்றிதழ் கைக்கு வந்ததும், அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள்.