புகட்டுவதற்கு அவர்கள் பிள்ளைகளா?

அன்புள்ள ஐயா,

செட்டிநாட்டுப் பள்ளத்தூர்க்காரி நான். இதழியல் முடித்துவிட்டு ஜெர்மனியில் ஆப்பிரிக்கவியல் முதுகலை படிக்கிறேன். அரசியல் கல்வியும் சேர்ந்த படிப்பு. ஆய்வுக்காக டான்சானியாவின் டார் எஸ் சலாமில் இரண்டு மாதம் இருந்தேன். ஊடகம் வழியாக ஆப்பிரிக்க மக்களுக்கு அரசியல் அறிவைப் புகட்டுவது என் கனவு. வீட்டிலோ, "நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்? மூன்றில் ஒன்றை ஒழுங்காகப் படி" என்கிறார்கள். எதை விடுவது?

ம.

அன்புள்ள ம.,

எதையும் விட வேண்டாம். நைஜீரியாவின் முதல் ஜனாதிபதி அசிகிவே 1937இல் லாகோசில் பத்திரிகை தொடங்கியவர். அதில் எது இதழியல், எது அரசியல் கல்வி என்று யார் பிரிப்பது? சம்பந்தம் கேட்கும் பெரியவர்களிடம், 1903இல் தொடங்கி தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தமிழிலும் வந்தது என்று சொல்லுங்கள். போதும்.

என்னை உறுத்தியது 'புகட்டுவது' என்கிற சொல். கைப்பிள்ளைக்குச் சங்கில் மருந்து புகட்டுவார்கள், காலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு. டான்சானியாவின் முதல் ஜனாதிபதி நியரேரே பள்ளிக்கூட வாத்தியார். நாடே அவரை 'ம்வாலிமு', அதாவது வாத்தியார் என்றுதான் கூப்பிட்டது. அந்த ஊருக்குப் போயா நீங்கள் புகட்டப் போகிறீர்கள்?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. போன கோடையில் வீட்டு இரண்டாங்கட்டில் கிடந்த என் ஐயாவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், தகரப்பெட்டியைத் திறந்தேன். செட்டியார் வட்டிக்கடைக்குப் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாக, பர்மா போய், கடையை நடத்தும் மேலாளாகத் திரும்பியவர். பர்மியப் பேச்சு சரளம். கோபம் வந்தால் அதில்தான் வைவார் என்று அப்பத்தா சொல்லுவார். உள்ளே கட்டுக் கட்டாகக் கடிதங்கள், செல் அரித்தது போக. மேலே 'உ' போட்டு நடப்பு வட்டி, நெல் விலை, மழை, ஆட்களின் சுகம் எல்லாம் இருந்தது. பர்மியரைத்தான் காணோம். அப்புறம் பேரேட்டில் அகப்பட்டார்கள்: ஒரு பெயர், எதிரே இத்தனை ஏக்கர்.

1930 பொருளாதார மந்தத்தில் நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாமல் நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அந்த ஆண்டு செட்டியார்களிடம் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். ஏழெட்டு வருஷத்தில் அது 25 ஆனது. "நாம் கேட்டது பணம், வந்தது நிலம்" என்று நம் பக்கத்துக் கதையை எத்தனையோ கல்யாணப் பந்தியில் கேட்டிருக்கிறேன். அது பொய்யுமில்லை. ஆனால் பத்திரத்தில் கைநாட்டு வைத்தவன் அன்று ராத்திரி பெண்டாட்டியிடம் என்ன சொன்னான்? பாஷை தெரிந்த என் ஐயா விசாரித்திருக்கலாம். ஒரு கடிதத்தில்கூட ஒரு வரி இல்லை.

உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். இரண்டு மாதம் அங்கே இருந்திருக்கிறீர்கள். ஒரு ஆள் பெயர் இல்லை. நீங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரர் யார்? சாப்பிடும்போது அவர்கள் வீட்டில் அரசாங்கத்தை எப்படி வைவார்கள்? அதை முதலில் எழுதி அனுப்புங்கள்.