தட்டு சிவந்தது பழுதாகி அல்ல

தொண்டைமானாற்றுச் சேற்றிலிருந்து எடுத்த பற்றீரியா, சோடியம் செலனைற்று (செலனியம் என்ற தனிமத்தின் உப்பு) போட்ட ஏகார் தட்டில் (கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டில்) மூன்றாம் நாள் செங்கல் நிறமாகிவிட்டது, வேறு கிருமி தொற்றிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். தங்கச்சி, அவசரப்பட்டு எறிந்துவிடாதீர்கள். அநேகமாக அந்தச் சிவப்பு செலனியமேதான். கரைந்து நிற்கும் நச்சுச் செலனைற்றுக்கு பற்றீரியா இலத்திரன் கொடுத்து, நீரில் கரையாத தனிமச் செலனியமாக்கிவிடும். மிக நுண்ணிய உருண்டைகளாகப் படிவதால்தான் அந்த நிறம். செலனைற்றுக்குப் பதில் தெலுரைற்று (தெலூரியத்தின் உப்பு) என்றால் கறுத்துப்போகும்.

ஆனால் செராட்டியா என்ற பற்றீரியாவும் சிவப்புத்தான். சரி, எப்படிப் பிரிப்பது? அதே கொலனியைச் செலனைற்று இல்லாத தட்டில் கீறிப் பாருங்கள். வெளிறி வளர்ந்தால் நிறம் செலனியத்துடையது. செலனைற்று மட்டும் போட்டு, பற்றீரியா போடாத தட்டொன்றும் கூடவே வையுங்கள். குளுக்கோசோடு செலனைற்றைச் சூடாக்கினாலே சிவக்கும்; நான் ஒருமுறை ஏமாந்தேன். அதனால் செலனைற்றை வடிகட்டிக் கிருமி நீக்கி, ஊடகம் (ஏகார்க் கூழ்) ஆறியபின் சேருங்கள்.

அறிக்கையில் 'நச்சை அழித்தது' என்று எழுதவேண்டாம். செலனியம் எங்கும் போகவில்லை, வடிவம்தான் மாறியது. திரும்ப ஒட்சியேறினால் பழையபடி கரையும். தண்ணீரைச் சுத்தமாக்குவதென்றால் அந்தச் சிவப்புப் படிவைப் பிரித்தெடுக்கவும் வேண்டும்.

அப்புறம், உள்ளி மணம் வருகிறது என்றீர்களே, அது டைமெதில் செலனைட்டு (dimethyl selenide; தட்டில் போட்ட செலனைற்று அல்ல) என்ற ஆவி. மூடியைத் திறந்து மோந்து பார்க்காதீர்கள், ஆய்வுகூடப் புகைக்கூண்டுக்குள் (ஆவியை வெளியே இழுக்கும் பெட்டிக்குள்) வையுங்கள்.